பென் டிரைவில் ஒரு குடித்தனம்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு ஜூனியர் பையன் வந்தான். "அண்ணா, இந்த டூலை இன்ஸ்டால் பண்ண அட்மின் ரைட்ஸ் இல்ல. டிக்கெட் போட்டு மூணு நாளாச்சு, ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. போர்ட்டபிள் வெர்ஷன் இருக்கு, இறக்கி ஓட்டிக்கட்டுமா?"

"தாராளமா"ன்னு சொல்ல வாயைத் திறந்தவன், "ரெண்டு நாள் பொறுடா, யோசிச்சு சொல்றேன்"னு முடிச்சுட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனான். இருபத்தெட்டு வயசுக்குள்ளேயே பெருசு லிஸ்ட்ல சேர்ந்துட்டோமோன்னு எனக்கே சந்தேகம். ஆனா 2018-ல எங்க காலேஜ் லேப்ல நடந்த கூத்து ஒண்ணு இருக்கு. அது தெரிஞ்சா அவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம் மக்களே, டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல, இன்ஸ்டால் பண்றதுன்னா என்ன நடக்குது? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உள்ளுக்குள்ள அது ஒரு குடியேற்றம். புரோகிராம் ஃபைல்ஸ்ல ஒரு வீடு கட்டிக்கும். ரெஜிஸ்ட்ரியில போய்ப் பேரு பதியும். நம்ம யூசர் கணக்குக்குள்ள ஆப்டேட்டான்னு ஒரு ஃபோல்டர் இருக்கே, அங்க தன்னோட தட்டுமுட்டுச் சாமான் எல்லாத்தையும் இறக்கும். ஸ்டார்ட் மெனுவுல பேர்ப்பலகை மாட்டும். பின்னாடி காலி பண்ணச் சொன்னா, வீட்டை இடிக்கும், ஆனா தட்டுமுட்டுச் சாமானைப் பாதி விட்டுட்டுப் போயிடும். அது வேற கதை.

டாஸ் காலத்துல இந்த வம்பே கிடையாது. ஃபோல்டரைக் காப்பி பண்ணினா வேலை முடிஞ்சது. விண்டோஸ் வந்த புதுசுலயும் அநேகமா எல்லாம் ஐஎன்ஐ ஃபைல்லதான் இருந்துச்சு. 1992-ல விண்டோஸ் 3.1-ல ரெஜிஸ்ட்ரி சின்னதா தலை காட்டி, 1995-ல விண்டோஸ் 95-ல முழு விஏஓ ஆபீஸ் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் பட்டா சிட்டா இல்லாம சாஃப்ட்வேர் வாழ முடியலை.

போர்ட்டபிள் சாஃப்ட்வேர் இதுக்கு நேர் எதிர். நத்தை மாதிரி. வீடு முதுகுலேயே இருக்கும். நிரல், செட்டிங்ஸ், போன தடவை விட்ட இடம் எல்லாமே ஒரே ஃபோல்டருக்குள்ள. பென் டிரைவுல தூக்கிட்டுப் போய் எந்த மெஷின்ல குத்தினாலும் நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரியே இருக்கும்.

இங்க ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், எனக்கும் இருந்துச்சு. "இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லை"ங்கிறதும் "போர்ட்டபிள்"ங்கிறதும் ஒண்ணு இல்ல. உதாரணத்துக்கு நம்ம புட்டி. (அந்தப் புட்டி இல்லைங்க, சர்வருக்குள்ள போறதுக்கு சைமன் டேத்தம் எழுதின புட்டி.) ஒரே ஒரு எக்ஸி ஃபைல், டபுள் கிளிக் பண்ணினா ஓடும். பார்த்தா பரம சாது. ஆனா நீங்க சேமிச்சு வைக்கிற ஒவ்வொரு சர்வர் பேரும் அந்த மெஷினோட ரெஜிஸ்ட்ரியில போய் உக்காந்துக்கும். பென் டிரைவை எடுத்துட்டு வேற மெஷினுக்குப் போனா லிஸ்ட் காலி. பழைய மெஷின்ல, நீங்க எங்கெங்க போனீங்கன்னு ஜாதகமே இருக்கும். அதை அழிக்கிறதுக்குன்னே கிளீனப்னு ஒரு ஆப்ஷன் வெச்சிருக்காரு மனுஷன். அதை யாரு போடுறா?

மைக்ரோசாஃப்ட் 2006-ல வாங்கின சிஸ்இன்டர்னல்ஸ் டூல்களும் இதே கேஸ்தான். இன்ஸ்டால் கிடையாது, ஆனா "லைசன்ஸை ஒத்துக்கிட்டான்"னு ரெஜிஸ்ட்ரியில ஒரு வரி எழுதிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ் ரொம்ப நாகரிகம். டூலாக்கல்கான்ஃப்னு ஒரு காலி எக்ஸ்எம்எல் ஃபைல் அதோட ஃபோல்டர்ல இருந்தா, செட்டிங்ஸை அங்கேயே வெச்சுக்கும். இல்லாட்டி ஆப்டேட்டாவுக்குப் போகும். ஃபைலுக்குள்ள ஒண்ணுமே எழுத வேண்டாம். இருந்தா போதும். வாசல்ல செருப்பு கிடந்தா வீட்ல ஆள் இருக்குன்னு அர்த்தம்கிற மாதிரி.

என் தலைமுறை இன்ஜினியரிங் பசங்களுக்கு முதல் போர்ட்டபிள் சாஃப்ட்வேர் எதுன்னு நினைக்கிறீங்க? டர்போ சி! முதல் செமஸ்டர்ல சீனியர் பென் டிரைவுல டிசின்னு ஒரு ஃபோல்டர் குடுப்பாரு. சி டிரைவுல போட்டா ஜம்முனு ஓடும். நான் வீட்டுப் பழைய சிஸ்டத்துல இடமில்லைன்னு டி டிரைவுல போட்டேன். ஸ்டிடிஐஓ ஃபைலைத் திறக்க முடியலைன்னு எரர். ரெண்டு நாள் என் புரோகிராம்லதான் தப்புன்னு நினைச்சு, ஹலோ வேர்ல்டை ஏழெட்டு விதமா எழுதிப் பார்த்தேன் (ஹிஹி). கடைசில பார்த்தா, ஆப்ஷன்ஸ்ல டைரக்டரீஸ்னு ஒரு இடத்துல "சி டிரைவு, டிசி, இன்க்லூட்"னு முழு விலாசம் எழுதி வெச்சிருக்கு. நான் வீடு மாறிட்டேன், அது பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கு. போர்ட்டபிள் சாஃப்ட்வேர் எழுதுறவங்களோட பெரிய தலைவலி இதுதான். பென் டிரைவு ஒரு மெஷின்ல ஈ, இன்னொண்ணுல ஜி. விலாசத்தை முழுசா எழுதி வெச்சா செத்தோம்.

சரி, லேப் மேட்டருக்கு வருவோம்.

எங்க காலேஜ் லேப்ல விண்டோஸ் 7. எங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. வாடகை வீடு மாதிரி, ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஹவுஸ் ஓனரைக் கேட்கணும். ஹவுஸ் ஓனர்னா லேப் அட்டெண்டர் அண்ணன். அவர் நல்லவர்தான், ஆனா அறுபது மெஷினுக்கும் அவர் ஒருத்தர். அங்க இருந்த பிரவுசர் அரதப் பழசு. எடிட்டர்னா நோட்பேட் மட்டும்தான்.

ரெண்டாம் வருஷம் நான் போர்ட்டபிள்ஆப்ஸைக் கண்டுபிடிச்சேன். ஜான் ஹாலர்ங்கிறவர் 2004-ல ஃபயர்ஃபாக்ஸைப் பென் டிரைவுல ஓடுற மாதிரி பண்ணப் போய், அதுவே பெரிய குடும்பமா வளர்ந்துடுச்சு. பிரவுசர், எடிட்டர், விஎல்சி, ஆபீஸ், கால்குலேட்டர் வரைக்கும் இருக்கு. ஒரு மெனு, அதுல எல்லாம் வரிசையா. என்னோட 8 ஜிபி பென் டிரைவுல அதை ஏத்திக்கிட்டு லேப்புக்குள்ள போன அன்னிக்கு எனக்கு வந்த கெத்து இருக்கே... சுத்தி அம்பத்தொன்பது பேரும் வெள்ளை நோட்பேட்ல அடிச்சிக்கிட்டு இருக்கான், என் ஸ்கிரீன்ல மட்டும் கறுப்புப் பின்னணி, கலர் கலரா கோடு. அது ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கலாம்ங்கிறதை மட்டும் வெளியில சொல்லிக்கல. பென் டிரைவுக்குப் பெரிய ஃபைல் ஒண்ணைப் படிக்கிறது சுலபம். குட்டிக் குட்டியா நூறு இடத்துல எழுதுறதுன்னா மூச்சு வாங்கும். பிரவுசர் பண்றது பூரா அந்தக் குட்டி எழுத்துதான்.

கெத்து வந்தா அடுத்து என்ன வரும்? "மச்சான் எனக்கும் குடுடா." குடுத்தேன். ஃபோல்டரை அப்படியே காப்பி, பேஸ்ட். இதானே போர்ட்டபிளோட அழகே. முதல்ல ரூம்மேட்டுக்கு, அப்புறம் பக்கத்து ரூமுக்கு. லேப்ல ஒருத்தன், "எல்லாரும் வந்து வந்து கேட்கிறாங்க, பேசாம டி டிரைவுல போட்டு வைடா, வேணுங்கிறவன் எடுத்துக்கட்டும்"னான். நல்ல ஐடியா. ஒரு மெஷினோட டி டிரைவுல சாஃப்ட்வேர்ஸ்னு ஃபோல்டர் போட்டுக் கொட்டினேன். அன்னதானம் பண்ணின புண்ணியவான் மாதிரி ஒரு ஃபீலிங்.

அஞ்சாறு வாரம் இருக்கும். மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு இருக்கேன். முகம் தெரியாத செகண்ட் இயர் பையன் ஒருத்தன் வந்து, என் பேரைச் சொல்லி, "நீங்கதானேண்ணா?"ன்னான். ஆமான்னேன். "இல்லண்ணா... லேப்ல அந்த ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தா உங்க மெயில் வருதுண்ணா. நான் எதையும் பார்க்கல."

சோறு இறங்கல.

நான் குடுத்தது ஃபயர்ஃபாக்ஸை இல்ல. என் ஃபயர்ஃபாக்ஸை. செட்டிங்ஸ், ஹிஸ்டரி, குக்கீ, சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டு எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள்ள இருக்கிறதுதான் போர்ட்டபிள்னு மேல பெருமையாச் சொன்னேன்ல? அதேதான். வீட்டுப் பிளானைக் குடுக்கிறேன்னு நினைச்சு, பீரோவோட வீட்டையே நகல் எடுத்துக் குடுத்திருக்கேன். லாகின் குக்கீ அதுக்குள்ள உயிரோட இருந்ததால, திறந்தவுடனே நேரா இன்பாக்ஸ்.

அந்த இன்பாக்ஸ்ல என்ன இருந்துச்சு? எஜுகேஷன் லோனுக்காக அப்பா அனுப்பின பேப்பர் எல்லாம். அவரோட பான் கார்டு ஸ்கேன், சம்பளச் சான்று, பேங்க் பாஸ்புக்கோட முதல் பக்கம். அப்பாவுக்கு மெயில்னா பயம். பக்கத்துல இருக்கிற நெட் சென்டருக்குப் போய், ஸ்கேன் பண்ணி, அனுப்பிட்டு, அப்புறம் போன் பண்ணி, "தம்பி, வந்துச்சா? வேற யாருக்கும் போயிருக்காதுல்ல?"ன்னு மூணு தடவை கேட்டவர் அவரு.

சாப்பாட்டை அப்படியே விட்டுட்டு லேப்புக்கு ஓடினேன். பூட்டியிருந்துச்சு. ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து போன்லயே ஒவ்வொரு பாஸ்வேர்டா மாத்தினேன். மெயில்ல, "எல்லா இடத்துலயும் வெளியேறு"ங்கிற பட்டனைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். மறுநாள் காலையில அட்டெண்டர் அண்ணனைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வெச்சு, டி டிரைவுல பார்த்தா ஃபோல்டர் இருக்கு. அழிச்சேன். பக்கத்து மெஷினைத் திறந்தா அதுலயும் இருக்கு. அதுக்குப் பக்கத்துலயும். எவனோ ஒரு புண்ணியவான், "எல்லாருக்கும் உதவட்டும்"னு என்னை மாதிரியே நினைச்சு, வரிசையா எல்லா மெஷின்லயும் போட்டு வெச்சிருக்கான். பதினேழு மெஷின்ல அழிச்சேன். பாக்கி மெஷின்ல லேப் நடக்குதுன்னு வெளியில அனுப்பிட்டாங்க. சாயங்காலம் வந்து மிச்சத்தைப் பார்த்தேன். எவனெவன் பென் டிரைவுல என்ன போச்சுன்னு யாருக்குத் தெரியும்?

ஒண்ணும் நடக்கல. நடந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தச் சின்னப் பையன் வந்து சொல்லாம விட்டிருந்தா இதுவும் தெரிஞ்சிருக்காது. அப்பாகிட்ட இன்னி வரைக்கும் சொல்லல.

இதுக்கப்புறம்தான் அந்த ஃபோல்டருக்குள்ள என்ன இருக்குன்னே உக்காந்து படிச்சேன். ஃபயர்ஃபாக்ஸ் பாஸ்வேர்டைப் பச்சையா வெச்சுக்கிறது இல்ல, பூட்டித்தான் வைக்குது. ஆனா பூட்டின பெட்டி ஒரு ஃபைல், அதோட சாவி பக்கத்துல இன்னொரு ஃபைல். ரெண்டும் ஒரே ஃபோல்டர். நாமளா மாஸ்டர் பாஸ்வேர்டு போட்டாத்தான் (2020-ல இருந்து பிரைமரி பாஸ்வேர்டுன்னு பேரு) அந்தச் சாவிக்கே ஒரு பூட்டு விழும். நான் போடல. ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தொல்லை பண்ணும்ல? இன்னொண்ணு, போட்டிருந்தாலும் குக்கீக்கு அந்தப் பூட்டு கிடையாது. அதனால அந்தப் பையனுக்கு மெயில் திறந்திருக்கத்தான் செய்யும்.

குரோம் வேற வழி. விண்டோஸ்ல அதோட பாஸ்வேர்டுக்கான சாவியை, அந்த மெஷின்ல இருக்கிற நம்ம யூசர் கணக்கோட கட்டிப் போட்டுடும். ஃபோல்டரைத் தூக்கிட்டுப் போய் வேற மெஷின்ல வெச்சா பெட்டி திறக்காது. அதனால போர்ட்டபிள் குரோம் வெச்சிருக்கிறவங்க, "மெஷின் மாத்தினா பாஸ்வேர்டு எல்லாம் காணாமப் போகுதே"ன்னு புலம்புவாங்க. அந்தக் காலத்துல நானும் புலம்பி, அதனாலதான் ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தேன். எதைக் குறைன்னு ஒதுக்கினேனோ அதுதான் என்னைக் காப்பாத்தியிருக்கும்! 2024-ல குக்கீக்கும் இன்னும் கெட்டியான பூட்டு போட்டுட்டாங்க. கூடவே வரணும், ஆனா திருடன்கிட்ட போகக்கூடாதுன்னா, ஃபோல்டருக்கு எஜமான் யாரு, திருடன் யாருன்னு எப்படித் தெரியும்? காப்பி பண்றவன் எல்லாரும் அதுக்கு ஒண்ணுதான்.

இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் கடை. ரெக்கார்டு பிரிண்ட் எடுக்க பென் டிரைவைக் குத்தாத மாணவன் தமிழ்நாட்டுல உண்டா? குத்தி எடுத்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்ல அட்ரிப் கமாண்டை அடிச்சு மீட்கிறது எங்க பேட்ச்ல அரிச்சுவடி மாதிரி. டேட்டா ஸ்டிரக்சர்ஸ்ல அரியர் வெச்சவனுக்கும் அது தலைகீழா தெரியும். ஷார்ட்கட் வைரஸ்னா ஃபைலை ஒளிச்சு வைக்கிறதோட விட்டுடும். சாலிட்டி மாதிரி சிலது இருக்கு, நேரா எக்ஸி ஃபைலுக்குள்ளேயே புகுந்துக்கும். இன்ஸ்டால் பண்ணின சாஃப்ட்வேர் புரோகிராம் ஃபைல்ஸ்ல இருக்கும்போது, அட்மின் இல்லாம அதுல ஒரு எழுத்தைக் கூட மாத்த முடியாது. நம்ம பென் டிரைவுல இருக்கிற எக்ஸிக்கு அந்தக் காவல் கிடையாது. ஹவுஸ் ஓனர் தொல்லை இல்லைன்னு சந்தோஷப்பட்டோமே, வாட்ச்மேனும் இல்லைங்கிறது அப்பத் தெரியாது.

இதை நம்மள விட நல்லாப் புரிஞ்சுக்கிட்டவங்க அமெரிக்க உளவுத்துறை சிஐஏ. 2017 மார்ச்சுல விக்கிலீக்ஸ் வெளியிட்ட வால்ட் 7 ஆவணங்கள்ல ஃபைன் டைனிங்னு ஒரு திட்டம் இருந்துச்சு. அவங்க ஆள் ஒருத்தர் யாரோ ஒருத்தரோட மெஷின் முன்னாடி உக்கார வாய்ப்பு கிடைச்சா, பென் டிரைவைக் குத்தி ஒரு சாதாரண சாஃப்ட்வேரை ஓட்டணும். ஸ்கிரீன்ல பார்க்கிறவனுக்கு வீடியோ ஓடும், இல்லாட்டி நோட்பேட் பிளஸ் பிளஸ் திறந்திருக்கும். அடியில ஃபைல் எல்லாம் உருவப்படும். அந்த வேஷத்துக்கான பட்டியல்ல விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், 7-ஜிப் எல்லாம் போர்ட்டபிள் வடிவத்துல இருந்துச்சு. என் பென் டிரைவு மெனுவும் அந்தப் பட்டியலும் ஏறக்குறைய ஒண்ணு! சூட்சுமம் சிம்பிள். விண்டோஸ்ல ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய டிஎல்எல்லை முதல்ல தன் ஃபோல்டர்லயே தேடும். அங்க ஒரு போலி டிஎல்எல்லை வெச்சா அதையே எடுத்துக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ்காரங்க அதே மாசம் 7.3.3 வெளியிட்டு, டிஎல்எல்லோட கையெழுத்தைச் சரிபார்க்க ஆரம்பிச்சாங்க. ஆனா எக்ஸியையே மாத்தி வெச்சுட்டா அதுவும் உதவாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

புதுப்பிக்கிறது அடுத்த தொல்லை. 2019 பிப்ரவரியில விண்ரார்ல ஒரு ஓட்டை வெளிவந்துச்சு. ஏஸ்னு யாரும் சீந்தாத ஒரு ஃபார்மட்டைப் பிரிக்கிறதுக்காகக் கூடவே வந்த ஒரு டிஎல்எல்ல, பத்தொன்பது வருஷமா இருந்த ஓட்டை. சரி பண்ண முடியாம, 5.70-ல அந்த ஃபார்மட்டையே தூக்கிட்டாங்க. 2022-ல வீடு ஒதுக்கும்போது பழைய பென் டிரைவு ஒண்ணு கிடைச்சுது. குத்திப் பார்த்தா அதே டிஎல்எல், ஜம்முனு உக்காந்திருக்கு. இன்ஸ்டால் பண்ணியிருந்தா கன்ட்ரோல் பேனல் லிஸ்ட்டுலயாவது பேரு இருக்கும்; பென் டிரைவுல இருக்கிறதை எந்த லிஸ்ட்டுல தேடுறது? கம்பெனிகள்ல பாதுகாப்பு டீம் போர்ட்டபிளைக் கண்டா மூஞ்சியைச் சுளிக்கிறது இதனாலதான். ஓட்டைன்னு செய்தி வந்ததும், "நம்மகிட்ட எத்தனை மெஷின்ல இது இருக்கு?"ங்கிறதுதான் அவங்களோட முதல் கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல முடியாதபடி நாம ஒளிச்சு வெச்சிருப்போம். அதனால நிறைய இடத்துல புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியில இருக்கிற எந்த எக்ஸியும் ஓடாதபடியே பூட்டி வெச்சிடறாங்க.

"போர்ட்டபிள்னா தடயமே இருக்காது"ன்னு நம்புற மகான்களுக்கு ஒரு வரி. பென் டிரைவைக் குத்தின உடனேயே அதோட சீரியல் நம்பர் ரெஜிஸ்ட்ரியில ஏறிடும். நீங்க ஓட்டின எக்ஸியோட பேரு பிரீஃபெட்ச்ல விழும். ஒழுங்கா மூடினா, தான் எழுதினதைத் தானே துடைச்சுட்டுப் போற நல்ல சாஃப்ட்வேர்களும் உண்டு. ஆனா லேப் மணி அடிச்சதும் பென் டிரைவைப் பொசுக்குன்னு பிடுங்கிட்டு ஓடினா, துடைக்க அதுக்கு ஏது நேரம்?

கூடவே வராத விஷயங்களும் இருக்கு. தமிழ்ல எழுதுற பழைய ஆட்களுக்கு இது நல்லாவே தெரியும். எக்ஸ்பி காலத்துல நெட் சென்டர்ல பென் டிரைவுல இருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஓடும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம். ரீஜினல் செட்டிங்ஸ்ல காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுன்னு ஒரு கட்டத்தை டிக் பண்ணணும். அதுக்கு அட்மின் வேணும், எக்ஸ்பி சிடியும் வேணும். எங்க சித்தப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாய்வார். அப்பல்லாம் எழுத்தை வரையறது பிரவுசரோட சொந்த வேலையா இல்ல, அடியில இருந்த விண்டோஸோட வேலையா இருந்துச்சு. நத்தை முதுகுல வீட்டைத் தூக்கலாம், தெருவைத் தூக்க முடியாது. டிரைவர் தேவைப்படுற எல்லாத்துக்கும் இதே கதிதான். வெராகிரிப்ட்டைப் போர்ட்டபிளா எடுத்துட்டுப் போகலாம்; ஆனா ஓடுற இடத்துல அட்மின் ரைட்ஸ் கேட்கும். எது இல்லைன்னு போர்ட்டபிளுக்கு வந்தோமோ அதையே கேட்டா எங்க போறது?

இவ்வளவு சொல்றதால நான் போர்ட்டபிளுக்கு எதிரின்னு முடிவு கட்டிடாதீங்க. இன்னிக்கும் என் சொந்த மெஷின்ல பாதி ஆணி அதாலதான் புடுங்குறேன். ஜாவா 8 கேட்கிற பழைய புராஜெக்ட் ஒண்ணு, 17 கேட்கிற புதுசு ஒண்ணு. ரெண்டையும் ஜிப்பா இறக்கி, தனித்தனி ஃபோல்டர்ல விரிச்சா சண்டை சச்சரவே இல்ல. இன்ஸ்டாலரை நம்பினா, கடைசியா வந்தவன் பாத் வேரியபிள்ல முன்னாடி போய் நின்னுக்குவான். விஎஸ் கோடை ஜிப்பா விரிச்சு, பக்கத்துல டேட்டான்னு ஒரு ஃபோல்டர் போட்டா, எக்ஸ்டென்ஷன் உட்பட எல்லாம் அதுக்குள்ளேயே அடங்கிடும். மெஷின் மாத்தும்போது அந்த ஃபோல்டரைத் தூக்கிட்டு வந்தா, கால் மணி நேரத்துல வேலை தொடங்கலாம். வைரஸ் விழுந்த மெஷினைப் பார்க்கப் போனா பிராசஸ் எக்ஸ்புளோரர் மாதிரி ஒண்ணு பென் டிரைவுல இல்லாம முடியுமா? சீக்காளியோட உடம்புலயே ஆஸ்பத்திரி கட்டவா முடியும்?

அப்படின்னா எது வேணும், எது வேண்டாம்? நான் வெச்சிருக்கிற கணக்கு இது: அந்த சாஃப்ட்வேருக்கு ஞாபகசக்தி இருக்கா? ஜிப் பிரிக்கிறது, படம் பார்க்கிறது, ஹெக்ஸ் எடிட்டர், இதுக்கெல்லாம் நேத்து என்ன பண்ணினேன்னு தெரிய வேண்டிய அவசியமே இல்ல. பென் டிரைவு தொலைஞ்சா முந்நூறு ரூபா நட்டம், அவ்வளவுதான். பிரவுசர், மெயில், சாட் எல்லாம் என்னைப் பத்தி என்னை விட நல்லா ஞாபகம் வெச்சிருக்கும். அதை பாக்கெட்டுல போட்டுட்டு டவுன் பஸ்ல ஏற மாட்டேன். ஒரே விதிவிலக்கு கீபாஸ். அதோட வேலையே ஞாபகம் வெச்சுக்கிறதுதான்; ஆனா சாவியைப் பக்கத்துல வைக்காது, சாவி என் மண்டைக்குள்ள. அதையும் நெட் சென்டர்ல திறக்க மாட்டேன், கீபோர்டுல அடிக்கிறதை எவன் எழுதி வெச்சுக்கிறான்னு யாருக்குத் தெரியும்.

ஜூனியர் பையனுக்கு என்ன சொன்னேன்னு கேட்பீங்க. நேத்து கூப்பிட்டு இந்தக் கதையைச் சுருக்கமாச் சொன்னேன். அவன் கேட்ட டூல் வெறும் ஃபைல் ஒப்பிடுறதுதான், ஞாபகசக்தி கிடையாது. இருந்தாலும் மெஷின் கம்பெனியோடது. அதனால மேனேஜரை சிசியில போட்டு டிக்கெட்டை மறுபடியும் தட்டிவிடச் சொன்னேன். மத்தியானம் இன்ஸ்டால் ஆயிடுச்சு. மூணு நாளா ஆகாதது மூணு மணி நேரத்துல! சிசியோட மகிமையைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறேன்.

2023-ல டிரான்ஸ்கிரிப்ட் வாங்கக் காலேஜுக்குப் போயிருந்தேன். மனசு கேட்காம லேப் பக்கம் எட்டிப் பார்த்தேன். எல்லாம் புது மெஷின், தட்டை தட்டையா. அதே அட்டெண்டர் அண்ணன், தலை மட்டும் நரைச்சுப் போச்சு. அடையாளம் கண்டுக்கிட்டார். காலங்காத்தால கதவைத் திறக்கச் சொல்லி நின்னவன்தானேன்னு சிரிச்சார்.

"பழைய மெஷின் எல்லாம் எங்கண்ணே?"

"ஏலத்துல போயிடுச்சு தம்பி. மொத்தமா ஒரு லாரியில ஏத்திட்டுப் போயிட்டான்."

"ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டா குடுத்தீங்க?"

"அதை எதுக்குக் கழட்டணும்?"